கம்பிச் சக்கரமும் ஹப்பும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் கம்பிச் சக்கரம் பூட்டிய ஒன்றைப் புதிதாக வாங்கியவர், முதல் சில நாள்களிலேயே ஒரு சத்தத்தைக் கேட்கக்கூடும். ரிவர்ஸில் வந்து நிறுத்தி, முன் கியர் போட்டுக் கிளம்பும் கணத்தில் பின்பக்கத்திலிருந்து ஒற்றையாக ‘டொக்’ என்று கேட்கும். அல்லது ரிவர்ஸில் வந்தபின் முன்னோக்கிப் போய் முதல் தடவை பிரேக்கை மிதிக்கும்போது முன்பக்கத்திலிருந்து அதே சத்தம் வரும். விற்றவர் அதைப் பழைய காரின் இயல்பு என்று சொல்லியிருப்பார். பெரும்பாலும் அது சக்கரமும் ஹப்பும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும் சத்தம்.

இந்தக் கட்டுரையில் 1962 முதல் 1980 வரை எம்ஜி நிறுவனத்தின் ஆபிங்டன் ஆலையில் உற்பத்தியான எம்ஜிபி காரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். எண்ணிக்கையில் அதிகம் கிடைப்பது அதுதான். உதிரிப் பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. நான் கைகளில் கிரீஸ் படிய வேலை பார்த்ததும் அதில்தான். மற்ற கார்களில் எங்கே முறை மாறுகிறதோ அங்கே அதைத் தனியே சொல்கிறேன்.

சக்கரம் எப்படி நிற்கிறது

சாதாரணக் காரில் நான்கு அல்லது ஐந்து போல்ட்டுகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும். இந்த வகைக் கம்பிச் சக்கரத்தில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான். ஹப் என்பது அச்சின் முனையில் சக்கரத்தைத் தாங்கும் ஓர் உருளை. அதன் வெளிப்புறம் முழுவதும் நீளவாக்கில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இவற்றை ஸ்பிளைன் என்பார்கள். சக்கரத்தின் குடத்துக்குள்ளும் அதே எண்ணிக்கையில் பற்கள் உண்டு. சக்கரத்தை ஹப்பின் மேல் தள்ளினால் பல்லுக்குள் பல் நுழைந்து உட்காரும். உட்புறம் ஹப்பில் ஒரு கூம்புச் சரிவும், வெளிப்புறம் நட்டில் ஒரு கூம்புச் சரிவும் இருக்கின்றன. நட்டை இறுக்கும்போது குடம் இந்த இரண்டு கூம்புகளுக்கும் நடுவே நெருக்கப்படுகிறது.

வேலைப் பங்கீட்டை இங்கே மனத்தில் தெளிவாக வாங்கிக்கொள்ள வேண்டும். சக்கரத்தை நடுமையத்தில் நிறுத்துவது கூம்புகளின் வேலை. எஞ்சினின் இழுவையையும் பிரேக்கின் பிடியையும் சக்கரத்துக்குக் கடத்துவது பற்களின் வேலை. நட்டு இந்த இரண்டையும் சேர்த்து நெருக்கிப் பிடிக்கிறது, அவ்வளவே. ஆகவே பல் தேய்ந்த சக்கரத்தில் நட்டை எவ்வளவு பலமாக அடித்து இறுக்கினாலும் பல் வளராது. சத்தம் சில நாள் அடங்கியிருந்து திரும்ப வரும்.

இந்த ஏற்பாடு கோவென்ட்ரியின் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்திலிருந்து வந்தது. சக்கரத்தை நொடியில் கழற்றி மாட்ட முடிவது நியாயமற்ற சாதகம் என்று கருதி, 1908ஆம் ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் இதை அனுமதிக்க மறுத்தார்கள். அந்தச் சக்கரத்தோடு பதிவு செய்திருந்த நேப்பியர் அணி விலகிக்கொண்டது. பின்னாளில் மிலானின் போர்ரானி நிறுவனம் இதே முறைக்கு உரிமம் வாங்கிச் சக்கரம் செய்தது. நூறாண்டுகளுக்கு மேலாக அடிப்படை மாறவில்லை என்பதால் அதன் குறைகளும் மாறவில்லை.

மாட்டு வண்டிச் சக்கரத்தையும் அச்சு முனையில் செருகும் கடையாணியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மரம். அது சுமையை முட்டுக்கொடுத்துத் தாங்கும். கம்பியால் முட்டுக்கொடுக்க முடியாது, இழுக்க மட்டுமே முடியும். அதனால் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த விறைப்பு போனால் சக்கரமும் போயிற்று. எம்ஜிபி-யில் வழக்கமாக 60 கம்பிகள். ஜாகுவார் இ-டைப்பில் 72.

முதலில் காரை உயர்த்தி நிறுத்துங்கள்

சமதளமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் உயர்த்தியபின், ஆக்சில் ஸ்டாண்டு எனப்படும் இரும்புத் தாங்கியின் மேல் காரை இறக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் கையையோ தலையையோ நுழைக்க வேண்டாம்.

நட்டைக் கழற்றும் திசையில்தான் புதியவர்கள் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். காரின் இடப்பக்கத்து ஹப்பில் வழக்கமான வலது மரையும், வலப்பக்கத்து ஹப்பில் இடது மரையும் வெட்டப்பட்டிருக்கும். நட்டின் மேல் பெரும்பாலும் கழற்றும் திசைக்கு அம்புக்குறி பொறித்திருப்பார்கள்; ஆனால் ஐம்பது வருடம் அடிபட்ட நட்டில் அது அழிந்துபோயிருக்கும். நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. எந்தப் பக்கமானாலும், நட்டிலிருந்து இறக்கைபோல நீண்டிருக்கும் காதுகளில் மேலே நிற்பதைக் காரின் முன்பக்கம் நோக்கி அடித்தால் கழலும். பின்பக்கம் நோக்கி அடித்தால் இறுகும். கார் முன்னே ஓடும்போது சக்கரத்தின் மேல்பாதி முன்னோக்கித்தானே நகர்கிறது? சுமையின் அழுத்தம் கூம்பைச் சுற்றிச் சுற்றி வருவதால், நட்டு அதற்கு எதிர்த்திசையில், அதாவது இறுகும் திசையில், சிறுகச் சிறுக நகர முயலும். இடம் வலம் மாற்றி மாட்டப்பட்ட ஹப்பில் இதே விளைவு நட்டைக் கழற்றிவிடும். முன்னால் வைத்திருந்தவர் யாராவது ஹப்புகளை மாற்றி மாட்டியிருக்கிறாரா என்பதை முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள்.

காது வைத்த நட்டுக்குச் செம்புச் சுத்தியலோ ஈயச் சுத்தியலோதான் பயன்படுத்த வேண்டும். இரும்புச் சுத்தியல் காதை நசுக்கிவிடும். குரோம் சில்லுகள் கண்ணை நோக்கித் தெறிக்கும். நட்டின் காதுகள் பொருந்தும்படி குடைந்த மரக்கட்டை விற்கிறார்கள். அதன் மேல் எந்தச் சுத்தியலாலும் அடிக்கலாம் என்பதால் புதியவர்களுக்கு அதுவே உத்தமம். அமெரிக்காவில் 1968 முதல் நடப்புக்கு வந்த பாதுகாப்பு விதி துருத்திக்கொண்டிருக்கும் காதுகளைத் தடை செய்ததால், அங்கே போன கார்களில் எண்கோண நட்டு இருக்கும். அதற்குரிய வளையச் சாவியை மாட்டிச் சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டும்.

சில சமயம் நட்டு கழன்றும் சக்கரம் அசையாது. வருடக்கணக்காகக் கிரீஸ் காணாத பற்கள் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைப் பற்களின் விளிம்பில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள், ரப்பர்ச் சுத்தியலால் டயரின் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நட்டை மறுபடி மாட்டி இரண்டு சுற்று மட்டும் தளர்த்திய நிலையில், காரைத் தரையில் இறக்கி, வீட்டு முற்றத்திலேயே மனிதர் நடக்கும் வேகத்தில் சில அடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் முறை. நட்டை முழுக்கக் கழற்றிவிட்டோ, தெருவில் வைத்தோ இதைச் செய்யக் கூடாது.

தேய்வைக் கண்டறிதல்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுவே. முதல் சோதனை, நட்டு முழுவதும் இறுகிய நிலையில். சக்கரம் தரையைத் தொடாமல் இருக்க, ஒருவரைப் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். நீங்கள் டயரை இரு கைகளாலும் பற்றி, முன்னும் பின்னும் சுழற்ற முயலுங்கள். ஹப் நிற்க, சக்கரம் மட்டும் துளியாவது அசைந்தால், அந்த ஜோடி தேய்ந்துவிட்டது. மேற்கொண்டு விவாதம் வேண்டாம். பற்களின் வட்டத்தைவிட டயரின் வட்டம் பல மடங்கு பெரியது என்பதால், பல்லில் உள்ள மயிரிழை இடைவெளிகூட டயரில் கைக்குத் தெரியும்.

அசையவில்லை என்றால் அத்துடன் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இறுகிய நட்டு தேய்வை மறைத்து வைத்திருக்கலாம். இரண்டாவது சோதனையில் நட்டைக் கழற்றிவிட்டு, சக்கரம் பற்களின் மேலேயே தொங்கிக்கொண்டிருக்க, அதேபோல் ஆட்டிப் பாருங்கள். வழுக்கி நுழையும் பொருத்தம் என்பதால் மிகச் சிறிய ஆட்டம் புதிய ஜோடியிலும் இருக்கும். ‘கடக் கடக்’ என்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் அது தேய்வு. நல்ல சக்கரம் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று, உதாரணமாக ஓடாமல் டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி, உங்களிடம் இருந்தால் அதையே அளவுகோலாக வைத்து நான்கு ஹப்புகளிலும் மாட்டிப் பார்க்கலாம். ஸ்டெப்னியிலும் ஆட்டம் இருந்தால் ஹப் தேய்ந்திருக்கிறது. அது கச்சிதமாக நின்று, ஓடிய சக்கரம் மட்டும் ஆடினால் சக்கரத்தில்தான் பெருந்தேய்வு.

மூன்றாவது, கண்ணாலும் நகத்தாலும் செய்யும் சோதனை. சக்கரத்தை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பற்களைத் துடையுங்கள். துடைப்பதற்கு முன் பழைய கிரீஸின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது செங்காவி நிறத்துக்கு மாறியிருந்தால், உலோகம் உலோகத்தோடு உராய்ந்து துருப்பொடியாக உதிர்கிறது என்று பொருள். நல்ல பல்லின் தலை தட்டையாக, மொட்டை மாடிபோல் இருக்கும். தேய்ந்த பல் இருபுறமும் இழைந்து, ரம்பப் பல்போலக் கூராகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள நிலைதான் ஏமாற்றும். அதற்கு நகத்தை உபயோகியுங்கள். ஹப்பின் பல்வரிசையில் சக்கரம் படாத ஓரம் சிறிது இருக்கும். அங்கே பல் ஆலையிலிருந்து வந்த வடிவத்திலேயே இருக்கும். பல்லின் பக்கச்சுவரில் நகத்தை நீளவாக்கில் இழுத்தால், படாத ஓரத்துக்கும் பட்ட பகுதிக்கும் இடையே ஒரு படி தட்டுப்படுகிறதா என்று தெரியும். படி தட்டினால் தேய்வு தொடங்கிவிட்டது.

பின்சக்கரங்கள் எஞ்சினின் இழுவையையும் பிரேக்கையும் இரண்டையும் சுமப்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தேய்கிறது. ஆனால் பின்பக்கச் சத்தம் எல்லாமே பற்களால் வருவதில்லை. எஞ்சினின் இழுவையைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் தேய்ந்த மூட்டும் (யூ-ஜாயின்ட்) கியர் மாற்றும்போது இதேபோல் ‘டொக்’ என்னும். மேலே சொன்ன சோதனைகளைச் செய்யாமல் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாகங்களை ஆர்டர் செய்தால் பணம் வீணாகும்.

கூம்புகளையும் விட்டுவிடாதீர்கள். ஹப்பின் உட்கூம்பில், உலோகப் பொருத்தம் பார்க்க மெக்கானிக்குகள் பயன்படுத்தும் நீல மசியை மெல்லியதாகத் தடவி, சக்கரத்தை மாட்டி இறுக்கிக் கழற்றினால், மசி ஒற்றிய இடம் எங்கே உட்காருகிறது என்று காட்டும். சுற்றிலும் ஒரே சீரான வளையமாக ஒற்றியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒற்றியிருந்தால் கூம்பு சிதைந்திருக்கிறது. நட்டின் கூம்பையும் அப்படியே பாருங்கள். கூம்புகள் மிகவும் தேய்ந்தால் சக்கரம் உள்ளே தள்ளிப் போய், நட்டு குடத்தை நெருக்குவதற்கு முன்பே ஹப்பில் முட்டி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நட்டு இறுகிவிட்டதாகத் தோன்றும். இந்த வகைக் கோளாறுகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

கம்பிகளும் விளிம்பும்

ஹப் கெட்டதா என்று பார்க்கும்போதே சக்கரத்தின் மற்றப் பாதியையும் பார்த்துவிட வேண்டும். பல் நன்றாக இருந்து கம்பி போயிருந்தாலும் சக்கரம் கழிசல்தான். சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். விறைப்பான கம்பி ‘டிங்’ என்று பாடும். தளர்ந்தது மொத்தையாக ஒலிக்கும். உடைந்த கம்பிகள் பெரும்பாலும் குடத்தின் அருகே, வளைவில் முறிந்திருக்கும். அழுக்கும் பாலிஷும் அதை மறைத்துவிடும். குரோம் பூசிய சக்கரத்தில் பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். குரோம் பூச்சுக்குக் கீழே துருப்பிடித்த நிப்பிளை, அதாவது கம்பியை விளிம்பில் இறுக்கும் சிறு நட்டை, திருப்ப முயன்றால், நிப்பிள் நிற்க, கம்பி முறுக்கிக்கொண்டு உடையும்.

ஒன்றிரண்டு கம்பிகள் மட்டும் தளர்ந்திருந்தால், ஊரில் சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுப்பதுபோல நிப்பிளைக் கால் சுற்று இறுக்கலாம். ஆனால் முதலில் டயரையும் டியூபையும் கழற்றிவிட வேண்டும். இறுக்கும்போது கம்பியின் முனை விளிம்புக்குள் நீண்டு டியூபைக் குத்தும். அந்த முனையை அரத்தால் நிப்பிளோடு சமமாக ராவ வேண்டும். ஒரே பகுதியில் பல கம்பிகள் தளர்ந்திருந்தால், அல்லது சக்கரம் சுழலும்போது விளிம்பு பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், கம்பிச் சக்கரம் கட்டுவதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். சைக்கிளில் கற்ற கைப்பழக்கம் ஒரு டன் எடையுள்ள காருக்குப் போதாது.

புது சக்கரம், பழைய ஹப்: செய்யக் கூடாத சிக்கனம்

நான் முதலில் வாங்கிய எம்ஜிபி-யில் நான்கு சக்கரங்களும் புத்தம் புதியவை. விற்றவர் அதைப் பெருமையோடு காட்டினார். நானும் அதற்கென்றே கூடுதல் விலை கொடுத்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டாவது கோடையில் ‘டொக்’ வந்தது. கழற்றிய போது, ஹப்பின் பற்கள் கூர்கூராக இருந்தன. அவற்றின் மேல் ஓடிய புதுச் சக்கரங்களின் பற்களும் அதே வடிவத்துக்கு இழைக்கப்பட்டிருந்தன. ஹப்பும் சக்கரமுமாக எட்டுப் பாகங்களையும் வாங்க நேர்ந்தது. தேய்ந்த ஹப் புதுச் சக்கரத்தைக் கெடுக்கும்; தேய்ந்த சக்கரம் புது ஹப்பைக் கெடுக்கும். ஒரு மூலையில் ஒன்று போயிருந்தால், அந்த மூலையில் இரண்டையும் மாற்றுங்கள். நான்கையும் ஒரே சமயத்தில் மாற்ற வசதி இல்லையென்றால் ஓர் அச்சுக்கு இரண்டாக, பின் அச்சிலிருந்து தொடங்குங்கள்.

இடைக்கால வழி ஒன்றைப் பலர் சொல்வார்கள். சக்கரத்தின் பற்களில் இடம் வலம் கிடையாது; ஆகவே இடப்பக்கச் சக்கரத்தை வலப்பக்கம் மாட்டினால் பல்லின் தேயாத மறுபக்கம் இழுவையை ஏற்கும், சத்தம் குறையும். அது உண்மைதான். ஆனால் ஹப்பை அப்படி மாற்ற முடியாது, பல்லின் மொத்தத் தடிமனும் கூடிவிடவில்லை. பாகங்கள் தபாலில் வந்து சேரும்வரை காரை இடம் நகர்த்துவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். இந்தக் கார்களின் ஹப்புகளில் அங்குலத்துக்கு 8 மரை உள்ளவையும் உண்டு, 12 மரை உள்ளவையும் உண்டு. எம்ஜிபி-யிலேயே இரண்டும் வந்திருக்கின்றன. அளவுகோலை ஹப்பின் மரைமேல் வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை மேடுகள் என்று எண்ணினால் தெரிந்துவிடும். ஒன்றின் நட்டை மற்றதில் முதல் சுற்றிலேயே மாட்ட வராது. அதைச் சுத்தியலால் சம்மதிக்க வைப்பவருக்கு, ஊரில் சொல்வதுபோல, மரை கழன்றிருக்க வேண்டும். ஹப்பை மாற்றுவதானால் நட்டையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது.

ஹப்பை மாற்றுதல்

எம்ஜிபி-யின் முன்பக்கத்தில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரைக் கழற்றி, கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் அதன் எடை தொங்கக் கூடாது. ஹப்பின் நடுமூடியை எடுத்தால் உள்ளே, தலையில் கோட்டை மதில்போல வெட்டுகள் உள்ள கோட்டை நட்டும், அதைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னும் தெரியும். கம்பிச் சக்கர ஹப் ஆழமானது என்பதால், பின்னை வெளியே இழுப்பதற்கென்றே ஹப்பின் பக்கவாட்டில் ஒரு துளை விட்டிருக்கிறார்கள். ஹப்பைத் திருப்பித் துளையைப் பின்னுக்கு நேராகக் கொண்டுவந்து இழுங்கள். இந்தத் துளை தெரியாமல் அரை நாள் போராடியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

ஹப் வெளியே வந்தபின், பிரேக் டிஸ்க்கை அதிலிருந்து பிரித்துப் புது ஹப்பில் பூட்டுங்கள். புதுப் பேரிங்குகளையும், கிரீஸ் கசியாமல் தடுக்கும் புது சீல் ஒன்றையும் போடுங்கள். இந்தக் காரில் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஓர் இடைக்குழாயும், இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் எனப்படும் மெல்லிய வளையங்களும் உண்டு. முதலில் ஷிம் இல்லாமல் மாட்டி, பேரிங்குகள் இறுகிப் பிடிக்கும்வரை நட்டைத் திருப்பினால், வெளி வளையங்கள் ஹப்புக்குள் முழுதாக அமர்ந்துவிடும். பிறகு கழற்றி, வேண்டியதைவிடக் கூடுதலாகவே ஷிம் வைத்து மாட்டி, ஹப் உள்ளும் வெளியும் எவ்வளவு நகர்கிறது என்று, நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜால் அளந்து, அதற்கேற்ப ஷிம்களைக் குறைத்து, நகர்வு 0.002 முதல் 0.004 அங்குலத்துக்குள் வருமாறு செய்யுங்கள். நட்டை 40 முதல் 70 பவுண்டு-அடி முறுக்குவிசை வரை இறுக்கி, அந்த எல்லைக்குள் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராகும் இடத்தில் புதிய ஸ்பிளிட் பின்னைச் செருகுங்கள். ஷிம்களை எடுத்துவிட்டு, பழைய கார்களில் செய்வதுபோல நட்டைத் தளர்த்தி ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு; இடைக்குழாயோடு சேர்ந்து அச்சுக்கு விறைப்புக் கொடுக்கும் அந்த அமைப்பை அது வீணாக்குகிறது.

பின்பக்கத்தில், குழாய் வடிவ அச்சுள்ள பிற்காலக் கார்களில், டிரம்மைக் கழற்றுவதற்கு முன்பே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி அச்சு நட்டைத் தளர்த்திவிடுங்கள். அது 150 பவுண்டு-அடிக்கு இறுக்கப்பட்டிருக்கும். பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, டிரம்மை எடுத்து, வலுவான புல்லரால் ஹப்பை இழுங்கள். ஹப்பின் விளிம்பில் சுத்தியலால் அடித்து எடுக்க முயன்றால் பேரிங்கும் அச்சும் பாதிக்கப்படும். ஹப் வெளியே இருக்கும் சமயத்திலேயே எண்ணெய் சீலை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அது கசிந்தால் கியர் எண்ணெய் பிரேக் ஷூவில் படியும். திரும்ப மாட்டும்போது 150 பவுண்டு-அடி வந்தபின் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராகவில்லையென்றால் நட்டை இன்னும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. 1967 வரையிலான பழைய எம்ஜிபி-கள் பலவற்றில் பின்னச்சின் அமைப்பே வேறு. அவற்றுக்கு அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

டிரையம்ஃப் டிஆர் வரிசை வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுடைய பல் ஹப், சாதாரண ஹப்பின் நான்கு ஸ்டட்டுகளில் (மரை வெட்டிய முளைகளில்) நட்டால் பூட்டப்படும் தனித் துண்டு. பேரிங்கைத் தொடாமலே அதை மாற்றிவிடலாம். ஆனால் அந்த ஸ்டட்டுகள் குட்டையானவையாக இருக்க வேண்டும். சாதாரணச் சக்கரத்துக்குரிய நீள ஸ்டட்டுகளை அப்படியே விட்டால், அவற்றின் முனை சக்கரத்தின் பின்புறத்தில் இடித்து, சக்கரம் கூம்பில் உட்காராமல் நிற்கும். சாதாரணச் சக்கரமுள்ள எம்ஜிபி-யைக் கம்பிச் சக்கரத்துக்கு மாற்ற விற்கும் துண்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கூடுதலாக ஒன்று: எம்ஜிபி-யின் கம்பிச் சக்கரப் பின்னச்சு மற்றதைவிட அகலம் குறைந்தது, அச்சை மாற்றாமல் வெறும் ஹப்பை மட்டும் மாற்றினால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தி உரசும்.

டயர், டியூப், பேலன்ஸ்

பழைய கம்பிச் சக்கரத்தில் நிப்பிள்கள் விளிம்பைத் துளைத்து நிற்பதால் காற்று தங்காது. டியூப் கட்டாயம் வேண்டும். டியூபுக்கும் நிப்பிளுக்கும் நடுவே ரப்பர்ப் பட்டை வேண்டும். துளைகளை அடைத்துச் செய்யப்பட்ட, டியூப் தேவையில்லாத கம்பிச் சக்கரங்களும் இப்போது கிடைக்கின்றன. அப்படிப்பட்டவை என்று விற்பவர் எழுத்தில் உறுதி செய்தாலொழிய டியூப் போடுங்கள். டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டுகளைக் கிழித்தெடுத்துவிட வேண்டும். அவை டியூபை உரசி ஓட்டை போடும்.

பேலன்ஸ் பார்க்கும் கடைகளில் சக்கரத்தை எந்திரத்தில் மாட்டும் விதத்தை அருகே நின்று கவனியுங்கள். சாதாரணச் சக்கரத்துக்குரிய கூம்பைப் பல்வரிசைக்குள் நுழைத்து இறுக்கினால், சக்கரம் அதன் உண்மையான மையத்தில் நிற்காது, பல்முனைகளும் நசுங்கும். சக்கரத்தின் இரண்டு கூம்புகளிலும் உட்காரும் தனி அடாப்டர் அவர்களிடம் இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள். புதுச் சக்கரம் போட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

மாட்டுதலும் பின்கவனிப்பும்

பல், கூம்பு, மரை மூன்றையும் துடைத்துக் காயவைத்து, மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவுங்கள். செம்புக் கிரீஸ் என்பார் சிலர், லித்தியம் கிரீஸ் என்பார் சிலர். எதுவானாலும் பல்லின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். அப்பிவிட்டால், வேகத்தில் அது சிதறிக் கம்பிகளிலும் பிரேக்கிலும் படியும். கூம்புகளைக் காய்ந்த நிலையில் விட வேண்டும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். காய்ந்த கூம்பு பிடித்துக்கொண்டு கீறல் விழுவதைப் பார்த்திருப்பதால் நான் அங்கேயும் லேசாகத் தடவுகிறேன்.

சக்கரம் தரையில் படாமல் தொங்கிய நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். காரின் எடை அழுத்தினால் சக்கரம் மையத்தில் உட்காராது. முதலில் கையால் முழுதும் திருப்பி, சக்கரத்தைச் சற்றுச் சுழற்றி, பிறகு ஒவ்வொரு காதாக மாறி மாறி அடியுங்கள். சுத்தியல் அடியின் ஓசை மந்தத்திலிருந்து கணீரென மாறி, அடித்தும் நட்டு நகராத இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு காதுக்கும் குடத்துக்கும் நேராகச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள்.

சுமார் பத்து மைல் ஓட்டியதும் நிறுத்தி, அந்தக் கோட்டைப் பாருங்கள். புதிய ஜோடி ஒன்றோடொன்று படியும்போது நட்டு இன்னும் கொஞ்சம் இறுக இடம் கொடுக்கும். மீண்டும் ஜாக்கியில் தூக்கி அடித்துப் புதுக் கோடு போடுங்கள். முதல் நூறு மைலுக்குள் மறுபடி ஒருமுறை. அதற்குப் பின்னும் ஒவ்வொரு முறையும் கோடு விலகிக்கொண்டே போனால், கூம்போ மரையோ பொருந்தவில்லை. ஓட்டுவதை நிறுத்திவிட்டு நீல மசிச் சோதனைக்குத் திரும்புங்கள்.

பிரிட்டனில் 40 வயதைக் கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு 2018ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து எம்ஓடி எனும் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. முன்பெல்லாம் சோதனைக்காரர் வருடம் ஒருமுறையாவது சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, உடைந்த கம்பிகளைக் கண்டுபிடிப்பார். இப்போது அந்தக் கண்ணும் இல்லை. ஆகவே குளிர்காலத்துக்குக் காரை மூடி வைக்கும் முன் நான்கு சக்கரங்களையும் கழற்றி, பழைய கிரீஸின் நிறத்தைப் பார்த்து, பல்லில் நகத்தை ஓட்டி, கம்பிகளைத் தட்டிக் கேட்டு, புதுக் கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். அரை நாள் வேலை, ஸ்டெப்னியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் ஒரு மணி நேரம்.